வால்பாறை மழைக்காடு: போறதுக்கு முன்னாடி பிளானில் எதைக் குறைக்கணும்?

"மழைக்காடு பார்க்கப் போகணும், எப்படிப் பிளான் பண்றது?" இந்தக் கேள்வி ரொம்ப நாளா மெயிலில் வந்துக்கிட்டே இருக்கு. போன வாரம் ஒரு நேயர் தன்னோட ஷீட்டையே அனுப்பிட்டார். பெங்களூருவில் ஐ.டி. வேலை. நாலு பேர், ஒரு கார், ரெண்டு நாள். சனிக்கிழமை காலையில் டாப்ஸ்லிப் சஃபாரி, மதியம் ஆழியாறு, சாயங்காலம் வால்பாறை. ஞாயிற்றுக்கிழமை சோலையாறு அணை, அப்படியே மளுக்கப்பாறை வழியா அதிரப்பள்ளி, ராத்திரியோடு ராத்திரியா பெங்களூரு. ஷீட்டோட கடைசியில் டிக் அடிக்கிறதுக்கு ஒரு லிஸ்ட்: யானை, புலி, சிறுத்தை, சிங்கவால் குரங்கு, இருவாச்சி, வரையாடு, ராஜநாகம்.

"ப்ரோ, இது வொர்க் அவுட் ஆகுமா?"னு கேட்டிருந்தார்.

கார் ஓட்டற கணக்குப்படி ஆகும். காடு பார்க்கற கணக்குப்படி ஆகாது. ஏன்னு சொல்றதுக்குத்தான் இந்த எபிசோட். வால்பாறைக்கு நான் இதுவரைக்கும் நாலு தடவை போயிருக்கேன். நான் காட்டுயிர் நிபுணர் கிடையாது, கோட் எழுதறவன். ஆனா ஒரு பயணத்தை எப்படிப் போடணும், அங்கே போனா எதைச் செய்யணும், எதைச் செய்யக் கூடாதுனு தெளிவா சொல்ல முடியும். ஒரே வரியில் சொல்லணும்னா: உங்க பிளானில் இடங்களைக் குறைங்க, நிற்கிற நேரத்தைக் கூட்டுங்க. இது உங்களுக்கும் நல்லது, அங்கே இருக்கிற மிருகங்களுக்கும் நல்லது, அங்கே வாழற மனுஷங்களுக்கும் நல்லது. மூணையும் ஒண்ணொண்ணா பார்ப்போம்.

எந்தக் காடு மழைக்காடு?

முதல் குழப்பம் இங்கதான். நம்ம ஊரில் மரம் நிறைய இருந்தா எல்லாத்தையும் மழைக்காடுன்னு சொல்லிடறோம். டாப்ஸ்லிப் அருமையான இடம். ஆனா அங்கே சஃபாரி வண்டியில் இருந்து நீங்க பார்க்கறதில் பெரும்பகுதி இலையுதிர் காடும் தேக்குத் தோட்டமும்தான். அந்தப் பேரே வெள்ளைக்காரங்க காலத்தில் வெட்டின மரங்களை மலை உச்சியில் இருந்து சறுக்கி விட்டதால் வந்ததுதான். கோடையில் போனீங்கன்னா பாதி மரத்தில் இலையே இருக்காது. டாப்ஸ்லிப் பக்கத்தில் கரியன்சோலைன்னு ஒரு பகுதி இருக்கு, அது பசுமைமாறாக் காடு.

மழைக்காடுன்னா வருஷம் முழுக்கப் பச்சையா இருக்கும். ஒரு மரம் இலை உதிர்த்தாலும் பக்கத்து மரம் மூடிக்கிட்டு நிக்கும். உச்சியில் இலைக்கூரை, அதுக்குக் கீழ நடுத்தர மரங்கள், அதுக்கும் கீழ பிரம்பு, பெரணி, கொடி. வெயிலில் ரொம்பச் சின்ன பங்குதான் தரைக்கு வந்து சேரும். அதனால மிருகங்களில் பெரும்பாலானவை மேல, மரத்தில்தான் இருக்கும். சஃபாரி மாதிரி புல்வெளியில் மான் கூட்டம் நிக்கும்னு எதிர்பார்த்தா ஏமாற்றம்தான்.

தமிழ்நாட்டில் இதைப் பார்க்க எனக்குத் தெரிஞ்ச நல்ல இடம் ஆனைமலையில் இருக்கிற வால்பாறை. சுமார் 220 சதுர கிலோமீட்டர் பீடபூமி. சுத்தி ஆனைமலை புலிகள் காப்பகம், கேரளா பக்கம் பரம்பிக்குளமும் வாழச்சாலும். நடுவில் முழுக்க டீ, கொஞ்சம் காபி, ஏலம். ஆண்டு மழை சராசரியா 3500 மில்லிமீட்டர். சென்னையில் சராசரியா 1400 மில்லிமீட்டர்தான் பெய்யுது. அதோட ரெண்டரை மடங்கு!

இந்தப் பீடபூமி ஒரு காலத்தில் முழுக்க மழைக்காடு. 1890களில் தோட்டம் போட ஆரம்பிச்சு, அடுத்த நாற்பது அம்பது வருஷத்தில் பெரும்பகுதியை வெட்டிட்டாங்க. மிச்சம் இருக்கிறது டீக்கு நடுவில் திட்டுத்திட்டா நிக்கிற சோலைகள். சில திட்டு ரெண்டு மூணு ஏக்கர்தான் இருக்கும், சிலது நூறு ஹெக்டேருக்கு மேல. இந்தத் திட்டுகள்தான் நம்ம கதையோட மையம். மிருகங்கள் ஒரு திட்டில் இருந்து இன்னொரு திட்டுக்குப் போகணும்னா டீத் தோட்டத்தையும் ரோட்டையும் லயன் வீடுகளையும் தாண்டித்தான் போகணும். நாம வண்டி ஓட்டறதும் அதே ரோட்டில்தான்.

எப்போ போகலாம்?

என் ஓட்டு டிசம்பர் முதல் மார்ச் வரைக்கும். மழை நின்னிருக்கும், காலையில் மூடுபனி விலகினா நல்லா தெரியும், அட்டை குறைவா இருக்கும். இருவாச்சி கூடு கட்டுற காலமும் இதுதான். ஏப்ரல், மே மாசம் பள்ளி விடுமுறைக் கூட்டம்; ரோட்டில் வண்டிதான் பார்க்கலாம்.

ஜூன் முதல் செப்டம்பர் வரைக்கும் தென்மேற்குப் பருவமழை. வருஷ மழையில் பெரும்பங்கு அப்பதான் கொட்டும். மண்சரிவு, மரம் விழறது, கரண்ட் இல்லாத ராத்திரி எல்லாம் சகஜம். ஆனா தவளை பிடிக்கும்னா இதுதான் சீசன். முதல் மழை விழுந்த சாயங்காலம் புதர்த் தவளைகள் கத்தறதை ரூம் வாசலில் நின்னே கேட்கலாம். மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் இருக்கிற தவளை வகைகள் ஏராளம். இதில் ஊதாத் தவளைன்னு ஒண்ணு இருக்கு. வருஷத்தில் பெரும்பாலான நாள் மண்ணுக்குள்ளேயே இருந்துட்டு, மழை தொடங்கறப்ப இனப்பெருக்கத்துக்காகக் கொஞ்ச நாள் வெளியே வரும். அப்படி ஒரு தவளை இருக்கறதை அறிவியல் உலகம் பேர் வெச்சுப் பதிவு பண்ணினதே 2003-ல்தான்.

அட்டையைப் பத்தி நிறைய பேர் பயந்து கேட்கறாங்க. கடிச்சா வலிக்காது. ரத்தம் உறையாம இருக்க ஒண்ணை உள்ள விடும், அதனால கொஞ்ச நேரம் ரத்தம் கசியும், அவ்ளோதான். முழங்கால் வரைக்கும் வர்ற, நெருக்கமா நெய்த துணி உறை கிடைக்குது, லீச் சாக்ஸ்னு கேளுங்க. சாதாரண சாக்ஸுக்குள்ள ஈஸியா நுழைஞ்சிடும். ஏறிடுச்சுன்னா பிடிச்சு இழுக்காதீங்க. நகத்தால் வாய்ப் பக்கமா நெம்பினா விட்டுடும்.

எப்படிப் போறது?

பொள்ளாச்சியில் இருந்து 65 கிலோமீட்டருக்குப் பக்கம். ஆழியாறு தாண்டினதும் 40 கொண்டை ஊசி வளைவு. இந்த ரோட்டுக்கு நான் பஸ்ஸைத்தான் சொல்வேன். பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் ஏறி ஜன்னல் சீட்டில் உட்கார்ந்தா, காரை விட உயரத்தில் இருந்து பார்க்கலாம், டிரைவிங் டென்ஷன் இல்லை. ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ பாயிண்ட். அங்கே பாறைச் சரிவில் வரையாடு நிக்கறதை நிறைய பேர் பார்த்திருப்பீங்க. நம்ம மாநில விலங்கு. அதோட இடம் புல்வெளியும் பாறையும்தான், மழைக்காடு அதுக்கு மேல போனாத்தான் தொடங்கும்.

இன்னொரு வழி சாலக்குடியில் இருந்து அதிரப்பள்ளி, வாழச்சால், மலக்கப்பாறை வழியா. காட்டுக்குள்ள போற அழகான ரோடு. ஆனா ரெண்டு பக்கமும் செக்போஸ்ட்டில் நேரக் கட்டுப்பாடு இருக்கு. கிளம்பற வாரம் ஒரு போன் போட்டு நேரத்தைக் கேட்டுக்கோங்க. 2025 நவம்பரில் இருந்து வால்பாறைக்கு வர்ற வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேணும். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாசம் வந்த அதே ஏற்பாடு. கிளம்பறதுக்கு முன்னாடியே ஆன்லைனில் எடுத்துடுங்க.

இன்னொரு விஷயம். புலிகள் காப்பகத்துக்குள்ள நடக்கணும்னா வனத்துறை அனுமதி வேணும், கூட அவங்க ஆள் வரணும். டீத் தோட்டம் தனியார் நிலம், உள்ள இறங்கி நடக்கறதுக்குக் கேட்டுட்டுத்தான் போகணும். "யாரும் தடுக்கலையே"ங்கறது அனுமதி ஆகாது. ஒரு ரகசியம் சொல்லவா? வால்பாறையில் நான் பார்த்த நல்ல காட்சிகள் எல்லாமே தார் ரோட்டு ஓரத்தில் நின்னு பார்த்ததுதான். காட்டுக்குள்ள நுழைஞ்சா கழுத்து வலிக்க மேல பார்க்கணும். ரோட்டு ஓரத்தில், சரிவுக்குக் கீழ நிக்கிற மரத்தோட உச்சி உங்க கண்ணுக்கு நேரா வரும்.

ஒரு நாளை எப்படிப் பிரிக்கறது?

காலை ஆறரையில் இருந்து ஒன்பதரை வரைக்கும் ஒரு ஷிஃப்ட். சாயங்காலம் மூணரையில் இருந்து அஞ்சரை வரைக்கும் ஒரு ஷிஃப்ட். நடுவில் சாப்பாடு, தூக்கம், ரூம் வாசலில் பூச்சி பார்க்கறது. ஒரு ஷிஃப்டுக்கு ஒரே ஒரு இடம். ஒரு திட்டை ஒட்டின ரோட்டைத் தேர்ந்தெடுத்து, வண்டியைப் பாதுகாப்பா ஓரம் கட்டிட்டு, ஒரு கிலோமீட்டருக்குள்ளேயே மெதுவா நடந்து, நின்னு, நடந்து. இதுதான் முழு டெக்னிக்கும்.

முதல் பத்து நிமிஷம் ஒண்ணுமே இருக்காது. இதில்தான் நிறைய பேர் "இங்க எதுவும் இல்ல மச்சி"ன்னு வண்டியை எடுத்துடறாங்க. நீங்க வந்த சத்தத்தில் எல்லாம் அடங்கியிருக்கும். இருபது நிமிஷம் அமைதியா நின்னா, நின்னு போன சத்தமெல்லாம் ஒவ்வொண்ணா திரும்ப ஆரம்பிக்கும். ஸ்கூல் பையன் ராகம் தெரியாம விசில் அடிக்கற மாதிரி கேட்டா அது சீகாரப் பூங்குருவி. "ஹூ ஹூ"ன்னு பள்ளத்தாக்கு முழுக்க எதிரொலிச்சா கருமந்தி, அதாவது நீலகிரி லங்கூர். கடகடன்னு மெஷின் ஓடற மாதிரி மரத்து மேல இருந்து கத்தினா மலையணில். செம்பழுப்பு நிறம், வாலோட சேர்த்தா கிட்டத்தட்ட மூணு அடி நீளம். முதல் தடவை பார்க்கறவங்க அதை அணில்னே நம்ப மாட்டாங்க.

அப்புறம் ஒரு சத்தம் இருக்கு. ஸ்டீம் இன்ஜின் மூச்சு விடற மாதிரி "உஸ்... உஸ்... உஸ்"ன்னு தலைக்கு மேல போகும். அது இருவாச்சியோட சிறகுச் சத்தம். மூணாவது தடவை போனப்ப ஒரு அத்தி மரத்துக்கு எதிரே முக்கால் மணி நேரம் நின்னேன். பழம் நிறைய இருந்துச்சு, பறவை எதுவும் இல்லை. அப்புறம் அந்தச் சத்தம். ஒரு ஆண் இருவாச்சி வந்து உட்கார்ந்து, பழத்தை ஒவ்வொண்ணா பறிச்சுத் தொண்டைக்குள்ள சேர்த்துக்கிட்டே இருந்துச்சு. நான் எண்ண ஆரம்பிச்சு இருபதுக்கு மேல விட்டுட்டேன். அப்புறம் கிளம்பிப் பள்ளத்தாக்கைத் தாண்டிப் போயிடுச்சு.

அது ஏன் சாப்பிடாம சேர்த்து வெச்சுக்கிட்டுப் போகுதுன்னு தெரிஞ்சா அந்தக் காட்சிக்கு அர்த்தமே மாறும். இனப்பெருக்க காலத்தில் பெண் இருவாச்சி பெரிய மரத்துப் பொந்துக்குள்ள போய், வாசலைத் தன் எச்சத்தாலேயே பூசி அடைச்சுக்கும். ஒரு கீறல் மட்டும் விடும். மூணு மாசத்துக்கும் மேல அந்தக் கீறல் வழியா ஆண்தான் பழம் கொண்டு வந்து ஊட்டணும். முதலில் பெண்ணுக்கு, அப்புறம் குஞ்சுக்கும். அந்தச் சமயத்தில் நாலு பேர் கூடு இருக்கிற மரத்துக்குக் கீழ கேமராவோட நின்னா, ஆண் கிட்ட வரத் தயங்கும். உள்ளே இருக்கறவங்க பட்டினி. அதனால யாராவது "இருவாச்சிக் கூடு காட்டறேன் வாங்க"ன்னு சொன்னா, வேண்டாம்னு சொல்லிடுங்க. பழம் இருக்கிற மரத்தைப் பாருங்க, கூடு இருக்கிற மரத்தை விட்டுடுங்க.

என்ன கொண்டு போகணும்னு கேட்டா, பெரிய லென்ஸை விட ஒரு பைனாகுலர். 8x42-ன்னு போட்டிருக்கறது போதும். 8 மடங்கு பெருசா காட்டும், 42 மில்லிமீட்டர் முன் கண்ணாடி, காட்டு வெளிச்சத்துக்கு நல்லா இருக்கும். 12 மடங்கு வாங்கினா கை ஆட்டத்தில் ஒண்ணும் தெரியாது. மங்கலான நிறத்தில் டிரஸ், மழைக் கோட், சென்ட் அடிக்காம வர்றது. போனில் ஆஃப்லைன் மேப் இறக்கி வெச்சுக்கோங்க, பல இடத்தில் சிக்னல் கிடையாது.

சிப்ஸ் பாக்கெட்டும் சிங்கவால் குரங்கும்

வால்பாறை டவுனுக்குக் கொஞ்சம் முன்னாடி, மெயின் ரோட்டை ஒட்டியே புதுத்தோட்டம்னு ஒரு சோலைத் திட்டு. சுமார் 90 ஹெக்டேர். உலகத்திலேயே சிங்கவால் குரங்கைச் சுலபமா பார்க்கக்கூடிய இடங்களில் இது ஒண்ணு. சோலைமந்தின்னும் சொல்வாங்க. கறுப்பு உடம்பு, முகத்தைச் சுத்தி வெள்ளிப் பிடரி, வால் நுனியில் சிங்கத்துக்கு இருக்கற மாதிரி குஞ்சம். கர்நாடகா, கேரளா, தமிழ்நாட்டு மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேற எங்கேயும் காட்டில் கிடையாது. மொத்தமே 4000-ஐத் தாண்டாதுன்னுதான் மதிப்பீடு.

இது மரத்தை விட்டு இறங்காத குரங்கு. வெடிப்பலா மாதிரி மழைக்காட்டு மரங்களோட பூ, விதை, பழம், பூச்சி, இதையெல்லாம் உச்சியிலேயே தேடிச் சாப்பிட்டு, கிளைக்குக் கிளை தாவிப் போற ஜாதி. ஆனா புதுத்தோட்டத்தில் காடு துண்டாகிப் போச்சு, நடுவில் ரோடு. கிளை தொடாத இடத்தில் தரையில் இறங்கித்தான் தாண்டணும். வண்டி அடிச்சுச் செத்திருக்கு. அதைத் தடுக்க ரோட்டுக்கு மேல மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்காங்க. பழைய தீயணைப்பு ஹோஸ் குழாயைப் பின்னிக் கட்டின பாலம். குரங்குங்க அதைப் பழகி, அதில் ஏறியே போகுது. நீங்க அந்த வழியா போறப்ப மேல பாருங்க, தெரியும்.

பாலம் ஒரு பக்கம் வேலை செய்ய, நாம இன்னொரு பக்கம் அதைக் கெடுக்கறோம். வண்டியை நிறுத்தி சிப்ஸ் போடறது, பிஸ்கட் காட்டி செல்ஃபி எடுக்கறது. ஒரு தடவை ருசி கண்ட குரங்கு அடுத்த காருக்காக ரோட்டிலேயே உட்கார்ந்திருக்கும். அங்கே ரோட்டோரமா குரங்கு தாண்டறதுக்காக வண்டிகளை மெதுவாப் போகச் சொல்லிக் காவல் நிக்கிற அண்ணன் ஒருத்தர்கிட்ட பேசிக்கிட்டு இருந்தேன்.

"சாப்பாடு போடாதீங்கன்னு சொன்னா கோவப்படுவாங்களா அண்ணா?"

"கோவப்பட மாட்டாங்க தம்பி. 'பாவம், பசிக்குது'ம்பாங்க. நான் மேல கையைக் காட்டுவேன். இவ்ளோ பழம் இருக்கு, பசி எங்கே இருக்கு பாருங்கம்பேன். சிரிச்சுட்டுப் போவாங்க. அடுத்த வளைவில் போய்ப் போடுவாங்க."

கடைசி வரியை அவர் கோபமே இல்லாம சொன்னார். நாள் முழுக்க அந்த வேலைதான் பார்க்கறார். அவர் கண்ணு மறைஞ்ச அடுத்த வளைவில் நாம என்ன செய்யறோம்ங்கறதுதான் கேள்வி.

ஆறு மணிக்கு மேல ரோடு யாரோடது?

இப்போ முக்கியமான பகுதி. சாயங்காலம் அஞ்சரைக்கே ஷிஃப்ட் முடியணும்னு சொன்னேன் இல்லையா, காரணம் இதுதான்.

வால்பாறை பீடபூமியை சுமார் 100 யானைகள் பயன்படுத்துது. பகலில் சோலைத் திட்டிலும், நடுஆறு, சோலையாறு கரையோரக் காட்டிலும் நிக்கும். இருட்டினதும் டீத் தோட்டத்தைத் தாண்டி அடுத்த திட்டுக்கு நகரும். வழியில் ரேஷன் கடையையும், பள்ளிக்கூடச் சத்துணவுக் கூடத்தையும் உடைச்சு அரிசி, உப்பு எடுக்கறதும் உண்டு. அதே நிலத்தில் பல்லாயிரம் பேர் வாழறாங்க. 2011 கணக்கெடுப்புப்படி வால்பாறை மக்கள்தொகை 70 ஆயிரத்துக்கு மேல. பெரும்பாலானவங்க தோட்டத் தொழிலாளர் குடும்பம். வேலை முடிஞ்சு, கடைக்குப் போயிட்டு, பஸ்ஸை விட்டு இறங்கி, லயன் வீட்டுக்கு இருட்டில் நடந்து போறவங்க.

அங்கே யானையால் நடந்த உயிரிழப்புகளை ஆராய்ச்சியாளர்கள் வருஷக் கணக்கில் ஆராய்ஞ்சு பார்த்தாங்க. பெரும்பாலும் யானை வீட்டுக்குள்ள புகுந்து கொல்லலை. யானை அங்கே நிக்கறதே தெரியாம, மனுஷங்க நேருக்கு நேர் போய் மாட்டிக்கிட்டாங்க. அப்படின்னா பிரச்சினை என்ன? தகவல். இந்த இடத்தில் என்னோட இன்ஜினியர் மூளை நிமிர்ந்து உட்கார்ந்துடுச்சு.

அவங்க கட்டின சிஸ்டம் இதுதான். நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன்ங்கற அமைப்பு, வனத்துறை, தோட்ட நிர்வாகங்கள், ஊர் மக்கள் எல்லாரும் சேர்ந்தது. யானை எங்கே இருக்குன்னு ஆள் வெச்சுக் கண்காணிப்பாங்க. முதலில் லோக்கல் கேபிள் டி.வி.யில் கீழ ஓடற எழுத்தா போட்டாங்க. அப்புறம் யானை நிக்கற இடத்தைச் சுத்தி சுமார் 2 கிலோமீட்டருக்குள்ள இருக்கறவங்களுக்குத் தமிழில் எஸ்.எம்.எஸ். எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்கு வாய்ஸ் கால். முக்கியமான இடங்களில் உயரக் கம்பத்தில் சிவப்பு லைட். உள்ளே ஒரு சிம் இருக்கும், மொபைலில் இருந்தே எரிய வைக்கலாம். பஸ்ஸில் இருந்து இறங்கறவங்க தூரத்தில் இருந்தே சிவப்பைப் பார்த்துட்டு, இன்னிக்கு இந்த வழி வேண்டாம்னு முடிவு பண்ணலாம். இந்த வேலைக்காக ஆனந்த குமார்ங்கற ஆராய்ச்சியாளருக்கு 2015-ல் விட்லி விருது கிடைச்சது.

நாம ஆபீஸில் ராத்திரி ரெண்டு மணிக்கு அலர்ட் வந்தா, மிஞ்சிப் போனா ஒரு சர்வர் படுத்திருக்கும். இங்கே அலர்ட் சரியா போய்ச் சேருதாங்கறதில் ஒரு உயிர் இருக்கு. அதுக்கு அவங்க ஆப் கட்டலை. சாதாரண பட்டன் போனுக்கும் போற எஸ்.எம்.எஸ்., தூரத்தில் இருந்து கண்ணுக்குத் தெரியற ஒரு பல்பு. எனக்கு இதில் கத்துக்கறதுக்கு நிறைய இருந்துச்சு.

இப்போ நம்ம பக்கம் வருவோம். டூரிஸ்ட் இந்த எஸ்.எம்.எஸ். லிஸ்ட்டில் இல்லை. நமக்கு வழியும் தெரியாது, வளைவுக்குப் பின்னாடி என்ன நிக்குதுன்னும் தெரியாது. 2025 பிப்ரவரியில் வால்பாறை ரோட்டில் ஒரு யானை நின்னுச்சு. ரெண்டு பக்கமும் வண்டிகள் காத்திருந்தப்ப, பைக்கில் வந்த ஒரு ஜெர்மன் பயணி, மத்தவங்க எச்சரிச்சும் தாண்டிப் போக முயற்சி பண்ணினார். யானை தாக்கி இறந்துட்டார். அவரை விமர்சிக்கறதுக்காகச் சொல்லலை. யானை ரோட்டில் நின்னா செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணு: தூரமா நிறுத்தி, ஹாரன் அடிக்காம, லைட்டை அடிக்கடி போட்டு அணைக்காம, அது போற வரைக்கும் காத்திருக்கறது. ஒரு மணி நேரம் ஆனாலும் சரி.

இன்னொரு ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. ராத்திரி டார்ச் அடிச்சுக்கிட்டு, வண்டியில் யானை தேடிப் போற கூட்டம். இதுக்கு அனுமதி கிடையாது. விரட்டப்பட்ட யானை அமைதியா இருக்காது. மிரண்டு, தான் போக நினைச்ச வழியை மாத்தி, இன்னொரு பக்கம் இறங்கும். அந்தப் பக்கம் யாரோ ஒரு அக்கா அரிசி மூட்டையோட வீட்டுக்கு நடந்துக்கிட்டு இருப்பாங்க. நம்ம ரீல் எடுத்து முடிச்சு ரூமுக்குப் போயிடுவோம், அந்த யானையை அவங்கதான் சந்திக்கணும். ஒரு டீக்கடையில் தோட்டத்தில் வேலை பார்க்கற அக்கா ஒருத்தங்க என்கிட்ட சொன்னாங்க: "தம்பி, யானையை எங்களுக்குத் தெரியும். அது எப்போ வரும், எப்படிப் போகும்னு தெரியும். உங்க வண்டி எப்போ வரும்னுதான் தெரியலை."

அதனால தங்கற இடம் பிடிக்கறப்ப விலையையும் வியூவையும் மட்டும் பார்க்காதீங்க. போனில் மூணு கேள்வி கேளுங்க. ராத்திரி சஃபாரி கூட்டிட்டுப் போவீங்களா? கேம்ப் ஃபயர், டி.ஜே. உண்டா? மிச்ச சாப்பாட்டை எங்கே போடறீங்க? முதல் ரெண்டுக்கும் பெருமையா "உண்டு சார்"னு பதில் வந்தா, வேற இடம் பாருங்க. மூணாவதுக்குத் தெளிவான பதில் இல்லைன்னாலும் அப்படித்தான். வெளியே கொட்டற சாப்பாட்டுக்குக் காட்டுப்பன்றி வரும், நாய் வரும், நாயைத் தேடிச் சிறுத்தை வரும். சிறுத்தை பயத்தில் குழந்தைங்களை வாசலில் விளையாட விடவே யோசிக்கற ஊர் அது.

திரும்ப வளர்ற காடு

நேரம் இருந்தா இன்னொண்ணும் கவனிங்க. சில திட்டுகளோட ஓரத்தில் வரிசையா இளம் மரங்கள் நிக்கும். 2000-களோட தொடக்கத்தில் இருந்து, அதே அமைப்பு தோட்டங்களோட சேர்ந்து சீரழிஞ்ச திட்டுகளில் உன்னிச்செடி மாதிரி களைகளை எடுத்துட்டு, அந்த மண்ணுக்கே உரிய மழைக்காட்டு மரக்கன்றுகளை நட்டுக்கிட்டு வராங்க. விதைகளைப் பொறுக்கி, நாற்றங்காலில் வளர்த்து, மழைக்கு நடறாங்க. இருபது வருஷம் ஆன இடத்தில் நின்னா நிழல் நல்லா விழுது, கீழ ஈரம் இருக்கு. ஆனா பக்கத்தில் இருக்கிற பழைய காட்டோட உயரத்துக்கும் அடர்த்திக்கும் கிட்ட வரலை. வெட்டறதுக்குச் சில வாரம் போதும், திரும்ப வளர்க்கறதுக்கு ஒருத்தரோட ஆயுசு பத்தாது. இந்த வித்தியாசத்தை நேரில் பார்க்கறதே ஒரு பாடம். மரக்கன்றோட பாதி வேலையைச் செய்யறது இருவாச்சியும் மரநாயும்தான். பழத்தைத் தின்னு, விதையை வேற இடத்தில் போட்டுட்டுப் போயிடும்.

அப்போ ஷீட் எப்படி இருக்கணும்?

நான் போட்டா இப்படிப் போடுவேன். வியாழன் ராத்திரி ரயிலில் கோயம்புத்தூர், வெள்ளி காலையில் பொள்ளாச்சி வழியா பஸ்ஸில் வால்பாறை. மதியம் ஓய்வு, சாயங்காலம் தங்கற இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு நடை. சனி காலை ஒரு திட்டு, சாயங்காலம் புதுத்தோட்டம் ரோடு. அங்கே சுத்தறதுக்கு ஊர்க்கார டிரைவர் ஒருத்தரை வண்டியோட வெச்சுக்கோங்க. யானை எங்கே நிக்குதுங்கற தகவல் அவர்கிட்ட இருக்கும், உங்க காசும் ஊருக்குள்ளேயே போகும். ஞாயிறு காலை, சனிக்கிழமை பார்த்த அதே திட்டுக்கு மறுபடியும். ஆமா, அதே இடத்துக்குத்தான். ரெண்டாவது நாள் அதே மரத்தில் நேத்து தெரியாதது தெரியும். மதிய பஸ்ஸில் கீழ இறங்கி, ராத்திரி ரயில். மூணு நாள், மூணே இடம்.

டாப்ஸ்லிப்புக்கு இன்னொரு பயணம், அதிரப்பள்ளிக்கு இன்னொரு பயணம். அமைதிப் பள்ளத்தாக்கு, அதாவது சைலன்ட் வேலி, அதுக்கும் தனியா ஒரு வார இறுதி. முக்காலியில் இருந்து வனத்துறை ஏற்பாட்டில்தான் உள்ளே போக முடியும்.

டிக் அடிக்கற லிஸ்ட்டை என்ன பண்றதுன்னா, புலியையும் சிறுத்தையையும் ராஜநாகத்தையும் எடுத்துடுங்க. பார்த்தா அதிர்ஷ்டம், அதுக்குப் பிளான் கிடையாது. அந்த இடத்தில் கேட்ட சத்தங்களை எழுதுங்க. எத்தனை சத்தம், எது யாரோடதுன்னு. நாலாவது தடவை போனப்ப என் நோட்டில் பதினொண்ணு இருந்துச்சு. அதில் அஞ்சுக்கு இன்னும் பேர் தெரியாது.

இந்த எபிசோட் அவ்ளோதான் மக்களே. நீங்க போயிட்டு வந்தா போட்டோவை விட, ரோட்டோரமா பதிவு பண்ணின ஒரு நிமிஷ ஆடியோ அனுப்புங்க. எந்த இடம்னு துல்லியமா சொல்ல வேண்டாம், வால்பாறைன்னு மட்டும் போதும். நல்லா இருக்கறதை எல்லாம் சேர்த்து ஒரு எபிசோடா போடலாம். அடுத்த வாரம் சந்திப்போம்.